மருந்தில்லாத கருத்தடை: பாதுகாப்பான நாட்களைக் கண்டுபிடிப்பது எப்படி?

கரு தங்காமல் இருக்க என்று சொல்லப்படும் கஷாயம், விதை, பழம் எதையும் நம்ப முடியாது. எலுமிச்சைச் சாறு, வினிகர் ஊற்றி உள்ளே கழுவுவது இன்னும் மோசம். விந்தணு அதற்குள் கருப்பைக்குள் போயிருக்கும். எரிச்சலும் புண்ணும்தான் மிச்சம். வீட்டிலேயே செய்ய உருப்படியான வழி, கரு தரிக்கும் நாட்களைக் கண்டறிந்து அப்போது விலகியிருப்பது, இல்லாவிட்டால் ஆணுறை போடுவது.

பெண்ணின் கருமுட்டை வெளிவந்தபின் ஒரு நாள்தான் தாங்கும். விந்தணுவோ உடம்புக்குள் 5 நாள் வரை இருக்கும். அதனால்தான் முட்டை வருவதற்கு முந்தைய நாட்களும் ஆபத்தானவை.

1. மாதவிடாய் தொடங்கும் நாளை 1 என்று குறியுங்கள்.

2. தினமும் காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே வெப்பநிலை பாருங்கள். புள்ளிக்குப் பின் இரண்டு இலக்கம் காட்டும் தெர்மாமீட்டர் வேண்டும், ஏனென்றால் முட்டை வெளிவந்தபின் கூடுவது 0.2 முதல் 0.5 டிகிரி செல்சியஸ்தான். காய்ச்சலோ தூக்கம் கெட்ட இரவோ வந்தால் அந்த அளவை நம்பாதீர்கள்.

3. வெள்ளைப்படுதலைக் கவனியுங்கள். சிறுநீர் கழிக்கும் முன் துடைத்துப் பார்த்தாலே போதும். முதலில் வறட்சி, அப்புறம் பிசுபிசுப்பு, பிறகு முட்டையின் வெள்ளைக்கரு போல நிறமில்லாமல் இழுபடும். கரு தரிக்கும் வாய்ப்பு அப்போதுதான் உச்சம். ஈரம் தென்பட்ட முதல் நாளிலிருந்தே தடுப்பு வேண்டும்.

4. முந்தைய 6 நாட்களைவிட வெப்பம் தொடர்ந்து 3 நாள் உயர்ந்திருக்க வேண்டும். வெள்ளைக்கரு போல இழுபடும் கடைசி நாளுக்குப் பின் 3 நாள் கழிந்திருக்க வேண்டும். இரண்டும் நிறைவேறிய பிறகு அடுத்த மாதவிடாய் வரை பாதுகாப்பு.

முதல் சில மாதங்கள் குறித்துப் பழகுங்கள், அதுவரை ஆணுறையை விடாதீர்கள். பழகியபின்னும் சறுக்கும்: இவ்வகை முறைகளில் ஆண்டுக்கு 100 பேரில் 2 முதல் 23 பேர் வரை கருத்தரிக்கிறார்கள். தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் மாதவிடாய் ஒழுங்கில்லாதவர்களுக்கும் இது சரிவராது. அவர்களுக்குக் கருப்பைக்குள் பொருத்தும் காப்பர் டி போன்றவை நல்லது. தடுப்பில்லாமல் உறவு நடந்துவிட்டால் அவசரக் கருத்தடை மாத்திரையை உடனே, 5 நாட்களுக்குள் எடுக்க வேண்டும்.

இப்படித் தினமும் கவனித்துக் குறிப்பதில் இன்னொரு லாபம் உண்டு. மீன் வாடை, தயிர்க் கட்டி போன்ற கசிவு, பச்சை நிறம், அரிப்பு என எது வந்தாலும் சீக்கிரம் கண்ணில் படும். அதற்குக் கைவைத்தியம் வேண்டாம், மருத்துவரிடம் காட்டுங்கள். வெளிப்பகுதியைக் கழுவ வெறும் தண்ணீரே போதும்.