பிச்சிப்பூ 40 கிலோ, கணக்கு மைனஸில்: சி மொழியில் இன்ட் அளவு

தோவாளைச் சந்தையில் ஒரு வியாபாரிக்கு 40 கிலோ பிச்சிப்பூ வந்து இறங்குகிறது, அதைக் கிராமில் காட்ட ஒரு சின்ன சி புரோகிராம் எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிலோ ஓர் இன்ட் (முழு எண் வைக்கும் வகை), கிராம் இன்னோர் இன்ட், நடுவில் கிராம் = கிலோ * 1000; அவ்வளவுதான். லேப்டாப்பில் ஜிசிசி கம்பைலர் 40000 என்று சரியாகக் காட்டும். அதையே காலேஜ் லேபில் டர்போ சி என்ற பழைய கம்பைலரில் ஓட்டினால் -25536. கம்பைலர் மூச்சுகூட விடாது.

முதல் வேலை, சைஸ்ஆஃப்(இன்ட்), சைஸ்ஆஃப்(லாங்) இரண்டையும் பிரின்ட் பண்ணிப் பாருங்கள்; லாங்கும் முழு எண் வகைதான், எது எத்தனை பைட் என்று தெரிந்துவிடும். டர்போ சியில் இன்ட் 2 பைட், உச்சம் 32767, அதனால் 40000 அதில் அடங்காமல் 65536 கழிந்து நிற்கிறது. பழைய கம்பைலர்தானே மக்கா என்று விட்டுவிட முடியாது, ஆர்டுவினோ ஊனோ ஆர்3 என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டிலும் 2 பைட்தான். சி தரம் இன்ட்டுக்குக் குறைந்தது 16 பிட் என்று மட்டும்தான் உறுதி தருகிறது.

அடுத்தது, டர்போ சியிலேயே கிராமை மட்டும் லாங் ஆக்கி, பிரின்ட்எஃப்பில் லாங்குக்கான %எல்டி போட்டு ஓட்டுங்கள். அப்போதும் அதே -25536! நிறைய பேர் மாட்டுவது இங்கேதான். கிலோவும் 1000-மும் இன்ட், அதனால் பெருக்கலும் இன்ட்டாகவே நடந்து, விடை கெட்ட பிறகுதான் லாங்குக்குள் போகிறது. (லாங்)(கிலோ * 1000) என்று எழுதினாலும் இதே கதை, பெருக்கி முடித்த பிறகு மாற்றி என்ன பயன்? (லாங்)கிலோ * 1000 என்று எழுதுங்கள், 40000 வரும்.

லாங்கையும் முழுசாக நம்ப வேண்டாம். 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. லினக்ஸில் லாங்கை பைட் பைட்டாக அப்படியே எஃப்ரைட் செய்து எழுதிய ஃபைலை விண்டோஸில் லாங்காகப் படித்தால், முதல் எண்ணிலேயே பாதியில் நின்று, அடுத்ததெல்லாம் இடம் மாறிவிடும். ஃபைலுக்குப் போகும் எண்களுக்கு சி99-இல் வந்த எஸ்டிடிஇன்ட்.எச் சேர்த்து அளவு மாறாத இன்ட்32_டி (32 பிட்), இன்ட்64_டி (64 பிட்) பயன்படுத்துங்கள். டர்போ சியில் அது கிடையாது, அங்கே லாங்தான் கதி.

4 பைட் இன்ட்டும் 2147483647-இல் நின்றுவிடும். 3 டன் பூவை மில்லிகிராமில் யாரும் கேட்கப்போவதில்லை, ஆனால் சோதிக்க நல்ல கணக்கு. கிலோவில் 3000 வைத்து, 1000000-ஆல் பெருக்கி, ஜிசிசியில் -எஃப்சானிடைஸ்=அன்டிஃபைன்ட் சேர்த்து கம்பைல் செய்து ஓட்டுங்கள்: எந்த வரியில் நிரம்பி வழிந்தது என்று வரி எண்ணோடு திரையில் வரும்.