ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து: புற ஊதா அளவீட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு அலைநீளங்களில் ஒளி உறிஞ்சலை அளந்து, ஒருங்கமைச் சமன்பாடுகளைத் தீர்த்தால் இரண்டு மருந்துகளின் அளவும் கைக்கு வந்துவிடும். மருந்தியல் மாணவர்கள் இந்த முறையை விரும்புவதற்கு அந்த எளிமையே காரணம். ஆனால் சமன்பாடு எந்த எண்ணைக் கொடுத்தாலும் ஒரு விடையைத் தந்துவிடும். அது உண்மையா என்று சொல்லாது.

தலைவலிக்கு விற்கப்படும் பாராசிட்டமால் 500 மில்லிகிராம், காஃபின் 65 மில்லிகிராம் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். பாராசிட்டமாலின் உச்சம், அதாவது அது ஒளியை மிகுதியாக உறிஞ்சும் அலைநீளம், அமிலக் கரைசலில் 243 நானோமீட்டர் அருகே, காஃபினின் உச்சம் 273இல். உச்சங்கள் விலகித்தானே இருக்கின்றன என்று நிம்மதி அடைவதுதான் பெரிய தவறு. மில்லிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் பாராசிட்டமால் வரும்படி நீர்த்தால், காஃபின் வெறும் 1.3 மைக்ரோகிராம். 273இல் அதன் உறிஞ்சல் ஏறத்தாழ 0.065. அதே இடத்தில் பாராசிட்டமால் அதைவிடக் கூடுதலாக உறிஞ்சுகிறது. அளவீட்டில் 0.005 பிசகினால் பாராசிட்டமால் கணக்கில் அது தெரியவே தெரியாது. காஃபின் கணக்கில் சுமார் 8 சதவீதம் பறிபோகும்.

இதற்கு நல்ல மாற்று வழிகள் உண்டு. கரைசலைக் காரமாக்கினால் பாராசிட்டமால் அயனியாகி நீரிலேயே தங்கும். காஃபினைக் குளோரோஃபாமில் பிரித்தெடுத்துத் தனியே அளக்கலாம். அல்லது, அளவு தெரிந்த தூய காஃபினை மாதிரியில் சேர்த்து அளந்து, பிறகு கழித்துக்கொள்ளலாம். முதல் வகைக்கெழு முறையில், அதாவது உறிஞ்சலுக்குப் பதிலாக அலைநீளத்தோடு அது மாறும் வீதத்தைப் பார்க்கும் முறையில், பாராசிட்டமாலின் மதிப்பு சுழியாகும் அலைநீளத்தில் காஃபினை அளப்பவர்களும் உண்டு. ஆனால் அங்கே 1 நானோமீட்டர் நகர்ந்தாலும் ஆபத்து. அலைநீளத்தைச் சரிபார்க்கப் பயன்படும் ஹோல்மியம் கரைசலின் 241.15, 287.15 நானோமீட்டர் உச்சங்களைக் கொண்டு கருவியைச் சரிபார்க்காமல் அந்த முறையைத் தொடவே கூடாது.

இரண்டு அலைநீளங்களின் உறிஞ்சல் விகிதத்தைக் கொண்டு கணக்கிடும் உறிஞ்சல் விகித முறையில் வேறொரு பிழை அடிக்கடி நேர்கிறது. இரு மருந்துகளும் சமமாக உறிஞ்சும் புள்ளியைத் தேட, இரண்டையும் ஒரே செறிவில் வைத்து நிறமாலை எடுக்க வேண்டும். மாத்திரையிலுள்ள விகிதத்தில், அதாவது பத்துக்கு 1.3 என்று எடுத்தால் கோடுகள் வேறெங்கோ வெட்டிக்கொள்ளும். அந்தப் புள்ளிக்கு எந்தப் பொருளும் இல்லை.

புற ஊதாவில் கண்ணாடிக் குவெட் (கரைசலை ஊற்றி அளக்கும் சிறு கலம்) உதவாது, குவார்ட்ஸ்தான் வேண்டும். இது பலருக்கும் தெரியும். கரைப்பானைப் பற்றிய கவனம்தான் குறைவு. அசிட்டோன் 330 நானோமீட்டருக்குக் கீழே ஒளியை விடாது. குவெட்டை அதில் கழுவிச் சரியாக உலர்த்தாவிட்டால் எண்கள் கெடும். பாராசிட்டமாலின் உச்சம் காரத்தில் 257க்கு நகர்ந்துவிடும். ஆகவே ஒப்பிடுவதற்கான, செறிவு தெரிந்த தரக் கரைசலும் மாதிரியும் ஒரே ஊடகத்தில் இருக்க வேண்டும்.

டால்க், செல்லுலோஸ் போன்ற துணைப்பொருட்கள் கரையாமல் நின்று ஒளியைச் சிதறடிக்கும். வடிகட்டும்போது முதல் சில மில்லிலிட்டரைக் கொட்டிவிடுங்கள். பிறகு 350 நானோமீட்டருக்கு மேல் பாருங்கள்: இரு மருந்தும் அங்கே உறிஞ்சுவதில்லை. அங்கேயும் கருவி எண் காட்டினால் கரைசல் கலங்கலாக இருக்கிறது என்று பொருள்.

தூய மருந்துகளைத் தனித்தனியே அளந்து நேர்கோடு வந்துவிட்டது என்பதற்காக முறை சரி என்று எழுதிவிடாதீர்கள். விகிதத்தை மாற்றி மாற்றிக் கலவைகள் தயாரித்து, போட்டது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். மாத்திரைத் தூளில் 80, 100, 120 சதவீத அளவுகளில் தூய மருந்தைச் சேர்த்து, அதில் எவ்வளவு அளவீட்டில் திரும்பக் கிடைக்கிறது என்ற மீட்பளவைச் சோதிப்பதும் கட்டாயம். இதைச் செய்யாத அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

கெட்டுப்போன மாதிரிக்கு இந்த முறை பொருந்தாது. பாராசிட்டமால் சிதைந்து உருவாகும் 4-அமினோபீனாலும் புற ஊதாவில் உறிஞ்சுவதால், மருந்து குறைந்திருப்பது மறைந்துபோகும். நிலைப்புத்தன்மை ஆய்வுக்கு வந்த மாத்திரை என்றால் பொருட்களைப் பிரித்து அளக்கும் எச்பிஎல்சியைத்தான் நாட வேண்டும்.