மிருதங்கச் சொல் கலங்காமல் கேட்க

சேலத்துக் கல்யாண மண்டபத்தில் கச்சேரி வைப்பவர்கள் முந்தின நாளே மிருதங்கத்தில் வேகமாக ‘தகதிமி’ என்ற சொற்கட்டை வாசிக்கச் சொல்லி, வரிசை வரிசையாக நடந்து கேளுங்கள். நேரடி ஒலி காதுக்கு எட்டிய 80 மில்லிசெகண்டுக்குள் சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி தெளிவைக் கூட்டும். பிந்தி வருவது சொற்களைக் குழப்பும். இரண்டின் விகிதம் சுமார் 1 டெசிபல் மாறினாலே கூர்ந்து கேட்கும் காதுக்குத் தெரிந்துவிடும். முன்வரிசைக்குப் பின்னால் 15 மீட்டரில் வெற்றுச் சுவர் இருந்தால் தொல்லைதான்: ஒலி 30 மீட்டர் போய்வர ஏறக்குறைய 87 மில்லிசெகண்டு. அங்கே கனமான திரையை மடிப்பு விட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிடுங்கள். மெல்லிய துணியை ஒட்டிக் கட்டினால் வலந்தலையின் (மிருதங்கத்தின் வலப்பக்கம்) கூர்மைதான் அடங்கும், தொப்பியின் (இடப்பக்கம்) கும்கி என்ற கனத்த ஒலி அப்படியே சுற்றும். மேடையோரப் பக்கச் சுவர்களை மூடவே கூடாது, தெளிவைத் தருபவை அவை. ஆட்கள் நிரம்பினால் எதிரொலி இன்னும் குறையும்.