குழந்தை மொழி மாநாட்டுக்கு முதல் ஆய்வுச் சுருக்கம் எழுதுவது எப்படி?

குழந்தைகளின் பேச்சைப் பதிவு செய்தாயிற்று, கேட்டுக் கேட்டு எழுதியும் வைத்தாயிற்று. இனி மாநாட்டுக்கு என்ன அனுப்புவது, எப்படி அனுப்புவது? அங்கே வந்து நிற்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: எந்த மாநாடு என்று முடிவு செய்யுங்கள்

இந்தத் துறையில் பலரும் முதலில் சொல்லும் பெயர் பாஸ்டன் பல்கலைக்கழக மொழி வளர்ச்சி மாநாடு. 1976-இல் தொடங்கியது, வழக்கமாக ஆண்டுதோறும் நவம்பரில் நடக்கிறது. அதை ஏற்பாடு செய்பவர்களே பட்டமேற்படிப்பு மாணவர்கள்தான், அதனால் மாணவர் என்பதற்காக நீங்கள் தயங்க வேண்டாம். குழந்தை மொழி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கத்தின் மாநாடு வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊர் மாறி நடக்கும். 2017-இல் லியோன், 2024-இல் பிராக். ஆக்கமுறை இலக்கண நோக்கில், அதாவது வாக்கியங்களை உருவாக்கும் மன விதிகளைத் தேடும் நோக்கில், ஆய்வு செய்பவர்களுக்கு ஐரோப்பாவில் ‘காலா’ மாநாடு இருக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் அதன் சென்ற முறை நிகழ்ச்சி நிரலை எடுத்துத் தலைப்புகளை மட்டும் வாசியுங்கள். உங்கள் ஆய்வு அந்த வரிசையில் பொருந்துமா என்பது அரை மணி நேரத்தில் புரிந்துவிடும். கடைசித் தேதியையும் அப்போதே குறித்துக்கொள்ளுங்கள். மாநாட்டில் உங்களுக்கு இடம் தரலாமா என்று முடிவு செய்வதற்காக, பல மாதங்களுக்கு முன்பே சுருக்கத்தைக் கேட்டுவிடுவார்கள்.

படி 2: கேள்வியை ஒன்றாகக் குறையுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டியது இங்கேதான். என் முதல் சுருக்கத்தில் மூன்று கேள்விகளை அடைத்து வைத்திருந்தேன். ஒன்றுக்கும் முழுப் பதில் இல்லை, நிராகரித்துவிட்டார்கள். அவர்கள் செய்தது சரிதான் என்று இப்போது தெரிகிறது.

நல்ல கேள்வி எப்படி இருக்கும்? 1958-இல் ஜீன் பெர்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் ஒரு கற்பனை உருவத்தின் படத்தைக் காட்டி, ‘இது ஒரு வக்’ என்றார். அடுத்து அதே உருவம் இரண்டு இருக்கும் படத்தைக் காட்டி, இப்போது என்ன சொல்வாய் என்று கேட்டார். ‘வக்’ என்ற சொல்லை எந்தக் குழந்தையும் முன்பு கேட்டிருக்க முடியாது. அதனால் குழந்தை ஆங்கிலப் பன்மை விகுதி சேர்த்து ‘வக்ஸ்’ என்று சொன்னால், அது கேட்டதைத் திருப்பிச் சொல்லவில்லை, உள்ளே ஒரு விதி இருக்கிறது என்று பொருள். அந்த ஆய்வில் வேறு சொற்களும் விகுதிகளும் இருந்தன. ஆனால் எல்லாம் இந்த ஒரே கேள்வியைத்தான் சுற்றி வந்தன.

தமிழில் இதையே கேட்டால் வேறு சிக்கல் வரும். ‘இரண்டு புத்தகம்’ என்று பெரியவர்களே சொல்கிறோம். ஆகவே, குழந்தை ‘கள்’ விகுதியை விட்டுவிட்டால் அதைப் பிழை என்று எண்ணிவிட முடியாது. ‘குழந்தைகள் பன்மையை எப்படிக் கற்கிறார்கள்’ என்பது ஒரு சுருக்கத்துக்குள் அடங்காது. ‘எண்ணுச்சொல் இல்லாத இடத்தில் குழந்தை எந்த வயதில் கள் சேர்க்கத் தொடங்குகிறது’ என்பது அடங்கும்.

சொந்தத் தரவு இல்லையா? ஆய்வாளர்கள் பிரையன் மக்வின்னியும் கேத்தரின் ஸ்னோவும் 1984-இல் தொடங்கிய ‘சைல்ட்ஸ்’ தரவகத்தில் பல மொழிகளின் குழந்தைப் பேச்சு எழுத்தாக்கி வைக்கப்பட்டிருக்கிறது. தமிழும் உண்டு. உங்கள் கேள்வியை முதலில் அங்கே சோதித்துப் பார்க்கலாம்.

படி 3: எழுதுங்கள்

பாஸ்டன் மாநாட்டுக்கு 500 சொற்கள்தான் இடம். அதனால் துறையின் வரலாற்றிலிருந்து தொடங்காதீர்கள். முதல் இரண்டு மூன்று வாக்கியங்களுக்குள் கேள்வி வந்துவிட வேண்டும். அப்புறம் எத்தனை குழந்தைகள், என்ன வயது, என்ன செய்யச் சொன்னீர்கள், என்ன கிடைத்தது. ‘முடிவுகள் மாநாட்டில் விவாதிக்கப்படும்’ என்ற வரியை மட்டும் எழுதவே எழுதாதீர்கள். சுருக்கங்களைப் படித்துத் தேர்வு செய்யும் மதிப்பீட்டாளர் தேடுவதே அந்த முடிவைத்தான். முழுத் தரவும் வரவில்லை என்றால், இதுவரை எத்தனை குழந்தைகளிடமிருந்து என்ன கிடைத்திருக்கிறது என்று எண்ணோடு சொல்லுங்கள்.

வயதை எழுதும் முறையில் புதியவர்கள் அடிக்கடி தவறுகிறார்கள். இரண்டரை வயது என்றால் 2;6. அதாவது இரண்டு ஆண்டு, ஆறு மாதம். 2.6 என்று புள்ளி வைத்தால் தசமமாகிவிடும், வயதே மாறிப்போகும்.

எடுத்துக்காட்டு வாக்கியங்களை மூன்று வரியாகக் கொடுங்கள்: குழந்தை சொன்னது, அதற்குக் கீழே ஒவ்வொரு விகுதியையும் பிரித்துப் பொருள், அதற்கும் கீழே மொழிபெயர்ப்பு. உங்கள் மொழி தெரியாத மதிப்பீட்டாளருக்கு இதை விட்டால் வேறு பிடிப்பு இல்லை.

படி 4: பெயரை நீக்குங்கள்

பெரும்பாலும் எழுதியவர் யார் என்று தெரியாமல்தான் மதிப்பிடுவார்கள். பெயரை அழித்தால் மட்டும் போதாது. ‘எங்கள் முந்தைய ஆய்வில் காட்டியபடி’ என்று எழுதினாலே ஆள் தெரிந்துவிடும். கோப்பின் பண்புகளிலும் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், அதையும் திறந்து பாருங்கள்.

படி 5: அனுப்புவதற்கு முன்

இத்துறையில் இல்லாத ஒருவரிடம் கொடுத்து, ‘இதில் என்ன கேள்வி கேட்கிறேன்?’ என்று கேளுங்கள். அவரால் சொல்ல முடியாவிட்டால் முதல் பத்தியைத் திரும்ப எழுதுங்கள்.

பெற்றோரின் சம்மதப் படிவத்தையும் எடுத்துப் பாருங்கள். ஆய்வில் சேர்க்கத் தந்த சம்மதம் வேறு, குழந்தையின் காணொளியை அரங்கில் காட்டத் தரும் சம்மதம் வேறு. இரண்டாவது இல்லையென்றால் காணொளி வேண்டாம், எழுத்தாக்கியதை மட்டும் காட்டுங்கள்.

படி 6: பதில் வந்த பிறகு

உரையும் கிடைக்கலாம், போஸ்டரும் (ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு, அதன் முன் நின்று விளக்குவது) கிடைக்கலாம். போஸ்டர் என்றதும் பலர் முகம் வாடிவிடுகிறார்கள். எனக்கு அதுதான் பிடிக்கும். உரையில் கேள்விக்குச் சில நிமிடங்கள்தான் மிஞ்சும். போஸ்டர் முன்னால் ஒருவர் இருபது நிமிடம் நின்று உங்கள் தரவை வரி வரியாகப் பார்ப்பார். அதற்கு ஒரு நிமிட விளக்கம் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். மேலும் கேட்பவருக்கு மட்டும் மற்றதைச் சொல்லலாம்.

நிராகரித்தாலும் மதிப்பீட்டாளர் குறிப்புகள் வந்திருந்தால் அன்றே பதில் எழுத உட்காராதீர்கள். ஒரு வாரம் கழித்து எடுத்துப் பாருங்கள். இரண்டு பேர் ஒரே இடத்தைச் சுட்டியிருந்தால் திருத்தத்தை அங்கேயிருந்து தொடங்குங்கள்.