ரோமில் ஒரு நாள்: இரவுச் சாப்பாட்டைக் கெடுக்கும் பகல் தவறுகள்

ரோமுக்குப் போய்வந்தவர்களிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் பலர் உதட்டைப் பிதுக்குவார்கள். "பாஸ்தா வேகவே இல்லை, ஆனா யானை விலை குதிரை விலை" என்பார்கள். அந்த ஊரில் நன்றாகச் சமைப்பவர்களுக்குப் பஞ்சமில்லை. கோளாறு பெரும்பாலும் பகலைத் திட்டமிட்ட விதத்தில் இருக்கிறது. காலையிலிருந்து ஓடி, சாயங்காலம் ஆறு மணிக்குக் கால் ஓய்ந்து வயிறு காந்தும்போது, எதிரே எது திறந்திருக்கிறதோ அதில் போய் உட்கார்ந்தால் வேறென்ன கிடைக்கும்?

கொலோசியத்தையும் வத்திக்கான் அருங்காட்சியகத்தையும் ஒரே நாளில் முடிக்கப் பார்ப்பதுதான் முதல் தவறு. ஒன்று ஊரின் இந்தப் பக்கம், மற்றது ஆற்றுக்கு அந்தப் பக்கம். இரண்டிலும் பாதுகாப்புச் சோதனை வரிசை உண்டு. ஒவ்வொன்றுக்கும் அரை நாள் தாராளமாக ஆகும். வத்திக்கானை இன்னொரு நாளைக்குத் தள்ளிவிடுங்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் அந்த அருங்காட்சியகம் மூடியிருக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கொலோசியம் டிக்கெட்டை அதிகாரபூர்வ இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். டிக்கெட்டில் பெயரும் நுழையும் நேரமும் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரையே கொடுங்கள். மெட்ரோவை விட்டு வெளியே வந்ததும் "வரிசையில் நிற்க வேண்டாம்" என்று சூழ்ந்துகொள்கிறவர்களிடம் வாங்கினால் கூடுதல் பணம்தான் போகும். அதே டிக்கெட்டில் பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமன் ஃபோரமும் அதை ஒட்டிய பலத்தீன் குன்றும் அடக்கம். பலர் வெயிலுக்குப் பயந்து அவற்றை விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் கொலோசியத்தைவிட ஃபோரம்தான் நின்று பார்க்க வேண்டிய இடம். பொன்னோடு முசிறிக்கு வந்து மிளகோடு திரும்பிய யவனர் கப்பல்களைச் சங்கப் பாட்டில் படித்திருக்கிறோம் அல்லவா? அந்தச் சரக்குக்காக டொமிஷியன் பேரரசர் கட்டிய மிளகுக் கிடங்கு இருந்தது இந்த ஃபோரத்தில்தான். பிறகு அதன்மேல் மாக்சென்டியஸ் பேரரசரின் பெரிய மண்டபம் எழுந்தது. பள்ளிப் பாடத்தில் விட்ட கப்பல் இங்கே வந்து சேருகிறது.

தண்ணீர் பாட்டிலை வழிநெடுக விலைக்கு வாங்க வேண்டாம். 'நசோனி' என்கிற இரும்புக் குழாய்த் தூண்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. நல்ல குளிர்ந்த குடிநீர், நாள் முழுக்க ஓடும். வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம். தெருவெல்லாம் கருங்கல் பாவியது, புதுச் செருப்போடு போனால் மதியத்துக்குள் குதிகால் பேசும். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம் என்று நினைக்காதீர்கள், 2019 முதல் அதற்கு அபராதம் உண்டு.

பிற்பகலுக்குப் பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் போதும். 2023 ஜூலை முதல் அதற்கும் கட்டணம். கூரையின் நடுவே திறந்திருக்கும் சுமார் 9 மீட்டர் அகல வட்டத்தின் வழியாக மழை உள்ளே கொட்டும். தரையில் வடிகால் துளைகள் இருக்கின்றன, தேடிப் பாருங்கள். அங்கிருந்து லார்கோ அர்ஜென்டினா சதுக்கம், பழைய யூதர் தெரு, கி.மு. 62இல் கட்டிய ஃபாப்ரிசியோ பாலம், டைபர் தீவு என்று மெல்ல நடந்தால் டிராஸ்டெவரே வந்துவிடும். இரவுச் சாப்பாட்டுக்கு நான் சொல்வது அந்தப் பேட்டையின் உள்சந்துகளை.

சிக்கல் நேரத்தில் இருக்கிறது. மதியச் சாப்பாடு முடிந்ததும் பல நல்ல கடைகள் அடுப்பை அணைத்துவிட்டு, இரவு ஏழரைக்கு மேல்தான் திறக்கின்றன. ஊர்க்காரர்கள் எட்டரைக்குத்தான் வருவார்கள். ஐந்தரைக்கே வாசலில் ஆள் நிறுத்தி "வெல்கம், வெல்கம்" என்று கையைப் பிடிக்காத குறையாக அழைக்கும் கடை, பாஸ்தாவை வண்ணப்படம் போட்ட மெனுவில் காட்டும் கடை, இவற்றைத் தாண்டிப் போய்விடுங்கள். ஐந்து மணிக்கு எடை போட்டு வெட்டித் தரும் பீட்சா ஒரு துண்டு சாப்பிட்டால் எட்டு மணி வரை தாங்கும். எட்டு மணிக்கு மேசையை முன்பதிவு செய்துவிடுங்கள். ஆகஸ்டில் போகிறவர்கள் கடை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. 15ஆம் தேதியை ஒட்டிப் பல குடும்பக் கடைகள் விடுமுறைக்குப் போய்விடும்.

சைவக்காரர்கள் ஏமாறுவது மெனுவில். அமாத்ரிசானா என்ற பாஸ்தா பார்வைக்குச் சிவப்பாக வெறும் தக்காளிச் சாறு போல இருக்கும். அதில் பன்றிக் கன்ன இறைச்சி சேர்த்திருப்பார்கள். கார்பனாராவிலும் க்ரிச்சாவிலும் அதே இறைச்சிதான். பன்றி சாப்பிடாத இஸ்லாமிய நண்பர்களுக்கும் இது முக்கியம். வறுத்த 'சுப்ளி' சோற்று உருண்டையிலும் கறிக் குழம்பு கலந்திருப்பது வழக்கம். மிஞ்சுவது காச்சோ எ பேபே: பாஸ்தா, பெக்கோரினோ என்ற செம்மறிப் பால் சீஸ், மிளகு, பாஸ்தா வெந்த தண்ணீர், அவ்வளவுதான். சீஸ் திரிதிரியாகப் பிரியாமல் நூடுல்ஸை வழவழவென்று பூசியிருந்தால் கை தேர்ந்தவர் சமைத்தது என்று அர்த்தம். ஆனால் பெக்கோரினோ ரொமானோவை உறைய வைப்பது ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட். சுத்த சைவம் பார்ப்பவர்கள் சீஸ் வேண்டாம் என்று சொல்லி அர்ராபியாத்தா கேட்கலாம். தக்காளி, பூண்டு, காய்ந்த மிளகாய். நம் நாக்குக்கும் ஒத்துப்போகும்.

பாஸ்தா நடுவில் சற்றுக் கடிபடுவது அவர்கள் பக்குவம், வேகவில்லை என்று திருப்பி அனுப்ப வேண்டாம். நான்கு பேருக்கு இரண்டு தட்டு வாங்கி நடுவில் வைத்துப் பகிர்வதும் அங்கே அவ்வளவாக எடுபடாது. ஆளுக்கொரு பாஸ்தா, பொதுவில் ஒரு காய்கறித் தட்டு என்று சொல்லுங்கள், மெனுவில் ஒன்றன்பின் ஒன்றாக வரும் எல்லாச் சுற்றுகளையும் ஆர்டர் செய்ய வேண்டிய கட்டாயமில்லை. மீன் வாங்கும்போது விலைக்குப் பக்கத்தில் 'எட்டோ' என்று இருந்தால் அது 100 கிராமுக்கான விலை. எடையைக் கேட்காமல் தலையாட்டினால் பில் வரும்போது தலை சுற்றும்.

சாப்பிட்டு முடித்து அரை மணி ஆகியும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்று கோபப்படாதீர்கள். மேசை உங்களுடையது, எழுந்திருங்கள் என்று சொல்வதுதான் அவர்களுக்கு மரியாதைக்குறைவு. "இல் கோன்டோ, பெர் ஃபவோரே" என்று கேட்டால்தான் பில் வரும். அதில் ரொட்டிக்கோ சேவைக்கோ ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேவைக் கட்டணம் இருந்தால் டிப்ஸ் தேவையில்லை.

டிராஸ்டெவரேயின் சந்துகளுக்குள் மெட்ரோ கிடையாது. திரும்ப 8ஆம் எண் டிராமையோ, டாக்ஸி நிறுத்தத்தில் நிற்கும் மீட்டர் போட்ட வெள்ளை டாக்ஸியையோ பிடியுங்கள். டிராம் டிக்கெட்டை ஏறியவுடன் இயந்திரத்தில் பதியவில்லை என்றால், டிக்கெட் கையில் இருந்தாலும் பரிசோதகர் அபராதம் போடுவார்.