பாடச் சங்கப் பொறுப்புக்கு வருகிறீர்களா? முதலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாட ஆசிரியர் சங்கத்தில் நான் பொருளாளரான மாதமே, கருத்தரங்கச் சாப்பாட்டுக்குக் கொடுத்த காசோலை திரும்பி வந்தது. கணக்கில் பணம் இருந்தது, கையெழுத்துதான் செல்லவில்லை. வங்கிப் பதிவில் பழைய செயலாளரும் பழைய பொருளாளரும் அப்படியே இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வெளிநாடு போய்விட்டார். சமையல்காரருக்கு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கொடுத்தோம்.

தேர்தல் முடிந்ததும் சால்வை, புகைப்படம், வாழ்த்துரை எல்லாம் நடக்கும். படிவம் 7 மட்டும் மறந்துபோகும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவான சங்கம், நிர்வாகக் குழு மாறினால் அந்தப் படிவத்தைப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அது இல்லாமல் வங்கிக்குப் போனால் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். குழுவின் பதவிக்காலம் 3 ஆண்டுகளுக்கு மேல் போகக்கூடாது, மறுபடி தேர்ந்தெடுக்கலாம். 'அதே ஆட்கள்தானே' என்று தேர்தலையே நடத்தாமல் விட்ட சங்கங்களில் பின்னால் ஒரு தகராறு வந்தால், யார் நிர்வாகி என்பதையே நிரூபிக்க முடியாது. நிதியாண்டு முடிந்து 6 மாதத்துக்குள் ஆண்டுப் பொதுக்குழு கூட வேண்டும் என்பதையும் நாட்காட்டியில் இப்போதே குறித்துவிடுங்கள்.

அடுத்தது மினிட் புத்தகம், அதாவது கூட்ட முடிவுகளைப் பதியும் புத்தகம். 'கருத்தரங்கு பற்றி விவாதிக்கப்பட்டது' என்று எழுதினால் அதனால் யாருக்கும் பயனில்லை. 'முன்பணமாக 40,000 ரூபாய் வரை செலவிடச் செயலாளருக்கு அனுமதி. கணக்கு அடுத்த கூட்டத்தில்' என்று எழுதுங்கள். கூட்டம் முடிந்து இரண்டு வாரம் கழித்து நினைவிலிருந்து எழுதவும் வேண்டாம், உதிரித் தாளில் எழுதவும் வேண்டாம்.

ஆயுள் சந்தாவில் கை வைப்பது ரொம்பச் சாதாரணமாக நடக்கிறது. ஒருவர் ஒரே தடவை கட்டும் பணத்துக்கு இருபது, முப்பது வருடம் சங்கத்தின் இதழை அனுப்ப வேண்டியிருக்கும். அதை இந்த வருடக் கருத்தரங்கில் தீர்த்துவிட்டால் பிறகு வரும் குழு எதைக் கொண்டு அச்சிடும்? தனி வைப்பு நிதியில் போட்டு வட்டியை மட்டும் எடுங்கள்.

தன்னார்வலர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 1907-இல் வி. ராமசாமி ஐயர் என்ற துணை ஆட்சியர் தொடங்கிய கழகம்தான் இன்றைய இந்தியக் கணிதக் கழகம். ஆய்விதழ்களைக் கூட்டாக வாங்கி, தபாலில் ஒருவர் மாற்றி ஒருவருக்கு அனுப்பிப் படிப்பதுதான் அவர்களின் தொடக்க வேலை. 1911-இல் ராமானுஜனின் முதல் கட்டுரை வந்ததும் அதே கழகத்தின் இதழில்தான். படித்து முடித்து அடுத்தவருக்கு அனுப்பு என்ற அளவில், ஒவ்வொருவருக்கும் தெளிவான சிறு வேலை இருந்தது. நாமோ 'கொஞ்சம் உதவி பண்ணுங்க' என்கிறோம். சரி என்று சொன்ன ஒருவர் தலையில் எல்லாம் ஏறிவிடுகிறது. இரண்டாம் வருடம் அவர் போனை எடுப்பதில்லை.

ஆய்வு மாணவர்களின் நிலைமை இன்னும் மோசம். நெறியாளரே சங்க நிர்வாகியாக இருந்தால் 'முடியாது சார்' என்று அவர்களால் சொல்ல முடியாது. மூன்று கருத்தரங்கு நடந்தால் மூன்றிலும் பதிவு மேசையில் உட்கார்ந்து அட்டை, பை கொடுத்துவிட்டு ஒரு அமர்வைக்கூடக் கேட்காமல் போகிறார்கள். வேலை கேட்கும்போது நெறியாளர் அல்லாத ஒருவர் கேட்கட்டும். இதழின் ஒரு மலருக்கு மட்டும் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பும் பொறுப்பைக் கொடுங்கள், இதழில் பெயரைப் போடுங்கள், முடியும் தேதியைச் சொல்லுங்கள். அப்புறம் செயற்குழுவில் ஓர் இடம், வாக்கோடு.

உங்கள் மாணவரின் கட்டுரை பரிசுக்கு வந்தால் அந்த முடிவின்போது அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். வெளியே போனதையும் மினிட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பழைய செயலாளரை ஒரு நாள் முழுக்கக் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பதிவுச் சான்றிதழ், பான் அட்டை, ரப்பர் ஸ்டாம்ப், உறுப்பினர் பட்டியல், மின்னஞ்சல் கடவுச்சொல், இணையதளம் யார் பெயரில் இருக்கிறது என்ற விவரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். எங்களுக்கு அந்தச் சான்றிதழ் கிடைத்தது, அவர் வீட்டுப் பரணில், பழைய தேர்வுத்தாள் கட்டுக்கு அடியில்.