கன்னத்தின் உட்புறச் செல்லை ஸ்லைடில் பார்ப்பது எப்படி?

உடலின் வெளிப்பரப்பையும் உட்பரப்பையும் போர்த்தியிருக்கும் எபிதீலியத் திசுவை மைக்ராஸ்கோப்பில் நேரில் பார்க்க மிகச் சுலபமான இடம் கன்னத்தின் உட்புறம். கைத்தோலும் எபிதீலியம்தான், ஆனால் அதன் மேலடுக்கில் இருப்பவை கெரட்டின் என்ற கடினமான புரதம் நிரம்பிய இறந்த செல்கள். அவற்றில் நியூக்ளியஸ் (உட்கரு) இருக்காது. வாயின் உட்புறம் எப்போதும் ஈரமாக இருப்பதால் அங்கே உதிரும் செல்லிலும் நியூக்ளியஸ் அப்படியே இருக்கும்.

தேவையானவை: மைக்ராஸ்கோப், ஸ்லைடு, அதை மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப், காது குடையும் பஞ்சுக் குச்சி, டிராப்பர், வடிதாள், நார்மல் சலைன் (0.9% உப்புக் கரைசல்), சாயமாக 0.1% மெத்திலீன் நீலம். சலைன் இல்லையென்றால் 100 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 0.9 கிராம் உப்பைக் கரைத்துக்கொள்ளலாம். சாயம் 1% கரைசலாகத்தான் கிடைத்தால் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு நீர் சேருங்கள். சட்டையில் பட்ட மெத்திலீன் நீலம் லேசில் போகாது.

முதலில் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். சாப்பிட்ட கையோடு எடுத்தால் செல்லைவிட உணவுத் துணுக்குதான் அதிகம் தெரியும். ஸ்லைடின் நடுவில் ஒரு சொட்டு சலைன் விடுங்கள். குச்சியின் பஞ்சு முனையைக் கன்னத்தின் உட்புறத்தில் ஐந்தாறு முறை அழுத்தாமல் தேயுங்கள். இப்படித் தேய்த்தால் ரத்தம் வராது, காரணம் எபிதீலியத்துக்குள் ரத்தக்குழாயே கிடையாது. அதற்கு வேண்டிய ஆக்சிஜனும் உணவும் அடியிலுள்ள இணைப்புத் திசுவிலிருந்து அடித்தளச் சவ்வு வழியாகக் கசிந்துதான் வர வேண்டும். பல் குத்தும் குச்சியின் கூர்முனையால் சுரண்டி ரத்தம் வந்துவிட்டால், அந்தச் சவ்வையும் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். நிறுத்திவிடுங்கள்.

பஞ்சு முனையைச் சலைனில் உருட்டுங்கள். சொட்டு லேசாகக் கலங்கினால் போதும். அதன்மேல் ஒரு சிறு சொட்டு சாயம் விட்டு இரண்டு மூன்று நிமிடம் காத்திருங்கள். பிறகு கவர் ஸ்லிப்பின் ஒரு விளிம்பைச் சொட்டில் தொடவைத்து, சாய்வாகப் பிடித்தபடி மெல்ல இறக்குங்கள். தட்டையாகப் போட்டால் காற்றுக்குமிழ் மாட்டிக்கொள்ளும். கறுத்த, தடித்த விளிம்போடு கச்சிதமான வட்டமாகத் தெரிவது குமிழ்தான், செல் அல்ல.

முதலில் 10 மடங்கு லென்ஸில் தேடுங்கள். எதுவும் தெரியவில்லையென்றால் பெரும்பாலும் வெளிச்சம் அதிகமாக இருக்கும். மேடைக்கு அடியில் வெளிச்சத்தின் அளவை மாற்றும் டயாபிரத்தைக் குறைத்தாலே செல்லின் ஓரம் தெளிந்துவிடும். தனித்தனியாகக் கிடக்கும் செல் ஒன்றை நடுவுக்குக் கொண்டுவந்து 40 மடங்கு லென்ஸுக்கு மாறுங்கள். அதன் பிறகு ஃபோகஸை நுணுக்கமாகச் சரிசெய்யும் நுண்திருகை மட்டுமே தொட வேண்டும்.

வெளிறிய நீலத்தில், ஒழுங்கற்ற ஓரத்தோடு, நடுவில் அடர்நீலப் புள்ளியாக நியூக்ளியஸ் உள்ள தட்டைச் செல் தெரியும். மெத்திலீன் நீலம் நேர்மின்னேற்றம் உள்ள சாயம். எதிர்மின்னேற்றம் உள்ள டிஎன்ஏவில் அது நன்றாக ஒட்டும், அதனால்தான் நியூக்ளியஸ் அடர்ந்து தெரிகிறது. சில செல்களின் மூலை அப்பளத்தின் ஓரம்போல மடிந்து கிடக்கும். செல் எவ்வளவு மெல்லியது என்பதற்கு அந்த மடிப்பே சாட்சி. மேலே பொடிப்பொடியாக ஒட்டியிருக்கும் நீலப் புள்ளிகள் வாய்ப் பாக்டீரியாக்கள். அவற்றைச் செல்லின் உள்ளுறுப்பு என்று குறித்துவிடாதீர்கள். செல் உதிரும்போது அவையும் சேர்ந்தே போய்விடுகின்றன. வாயின் பாதுகாப்பில் அதுவும் ஒரு பகுதி.

செல்லின் அளவையும் கணக்கிடலாம். கண்ணருகு லென்ஸில் பொறித்திருக்கும் புல எண் (field number) 18 என்றிருந்தால், 18-ஐ லென்ஸின் மடங்கான 40-ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.45 மி.மீ. தான் பார்வைப் புலத்தின் விட்டம், அதாவது 450 மைக்ரான் (ஒரு மைக்ரான் மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). குறுக்கே ஏழு செல் கொள்ளும் என்று தோன்றினால் ஒன்று ஏறக்குறைய 64 மைக்ரான். ஒப்பிட்டுப் பார்த்தால், ரத்தத்தின் ஒரு சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரான்தான்.

எல்லாமே ஒரே அடர்நீலமாக இருந்தால் சாயம் மிஞ்சிவிட்டது. கவர் ஸ்லிப்பின் ஒரு பக்கம் சலைன் விட்டு, மறுபக்கம் வடிதாளை வைத்து இழுங்கள். செல்கள் குவியலாகக் கிடந்தால் எடுத்தது அதிகம், புது ஸ்லைடு போடுவதே மேல்.

படம் வரையும்போது பலர் 'எளிய தட்டை எபிதீலியம்', அதாவது ஒரே அடுக்குள்ளது, என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. ஸ்லைடில் ஒற்றைச் செல்களாகக் கிடப்பதற்குக் காரணம் மேலடுக்கு மட்டும் உரிந்து வந்திருப்பதுதான். வாயின் உட்புறத்தில் இருப்பது பல அடுக்குள்ள கூட்டு எபிதீலியம். மெல்லும்போது ஏற்படும் உராய்வில் மேலடுக்கு தேயத் தேய, அடியிலுள்ள செல்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகி ஈடுகட்டும். எளிய தட்டை எபிதீலியத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நுரையீரல் காற்றறையின் நிரந்தர ஸ்லைடைக் கேளுங்கள். அங்கே வாயுக்கள் ஊடுருவியாக வேண்டும், அடுக்கு கூடினால் வேலை கெட்டுவிடும்.

அவரவர் செல்லை அவரவரே எடுங்கள், ஒரு குச்சியை இருவர் தொடக்கூடாது. முடிந்ததும் ஸ்லைடு, கவர் ஸ்லிப், குச்சி எல்லாவற்றையும் 1% சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில் அரைமணி நேரம் ஊறவிட்டு, கையுறையோடு அப்புறப்படுத்துங்கள்.